கம்யூனிட்டி காலேஜ்: எந்தச் சமுதாயத்தின் கல்லூரி?

இ-சேவை மையத்தில் "கம்யூனிட்டி வாங்கியாச்சா?" என்று கேட்டால் அது சாதிச் சான்றிதழைப் பற்றிய கேள்வி. நம் ஊரில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. அதனால், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை "கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன்" என்றால், ஏதோ ஒரு சாதியார் நடத்தும் கல்லூரி என்று வீட்டில் நினைத்துவிட இடமிருக்கிறது. உண்மை நேர்மாறானது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் பொதுக் கல்லூரி அது.

இலத்தீனில் 'கொம்மூனிஸ்' என்றால் பொதுவானது. கம்யூனிட்டி அதிலிருந்து வந்தது. கல்லூரிக்கு இந்தப் பெயர் பிறகுதான் ஒட்டியது. சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியட் நகரில், 1901இல், உயர்நிலைப் பள்ளியிலேயே ஆறு மாணவர்களோடு கல்லூரிப் பாடம் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். அன்று வழங்கிய பெயர் ஜூனியர் காலேஜ். ஜோலியட் இன்றும் அதையே வைத்திருக்கிறது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் வெளியிட்ட அறிக்கைதான் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் பரப்பியது.

ஜோலியட் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே எல்லை வகுத்த கல்லூரி மாவட்டங்கள் உண்டு. அந்த எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகிறது. சிகாகோ நகரம் தவிர மற்ற மாவட்டங்களில் ஆட்சிக்குழுவை அங்குள்ள வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பகுதிக்காரர்களுக்குக் கட்டணமும் குறைவு. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வெல்டிங் கற்க வருபவரும், இரண்டு ஆண்டு முடித்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேரப்போகும் மாணவியும் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இளநிலைக் கல்லூரி' சரிவராது. மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் ஜூனியர் காலேஜ் என்றால் பதினொன்றும் பன்னிரண்டும்தான். 'கல்லூரி'யில் சிக்கல் இல்லை; சீவக சிந்தாமணியிலேயே வரும் பழஞ்சொல் அது. தமிழ்நாட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்றே வழங்குகிறோம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் இப்படியொரு கல்லூரியைத் தொடங்கியதால் சொல்லும் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் "எங்க சமுதாயத்து ஆளு" என்னும்போது மறுபடியும் சாதிதானே வந்து நிற்கிறது!

ஆனாலும் அந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. வடமொழியில் 'சமுதாய' என்றால் ஒன்றுசேர்ந்த தொகுதி. தஞ்சைப் பகுதியில் ஊரார் பொதுவில் வைத்திருந்த நிலத்துக்குச் 'சமுதாயம்' என்றே பெயர் இருந்தது. இலத்தீன் வேரின் பொருளும் அதுதான். ஆகவே பொது வழக்கில் சமுதாயக் கல்லூரி என்றே எழுதலாம். அமெரிக்கக் கல்லூரியைப் பற்றி எழுதும்போது மட்டும் முதல் முறை 'வட்டாரப் பொதுக் கல்லூரி' என்று பக்கத்தில் விளக்கிவிட்டால், படிப்பவருக்குக் குழப்பம் வராது.