வீட்டில் சாராயம் காய்ச்சலாமா? சட்டம் என்ன சொல்கிறது

ஒயினும் பியரும் வீட்டில் தயாரிக்கப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. அதே ஊறலை அடுப்பில் ஏற்றி ஆவியாக்கி, குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் மட்டும் ஏன் குற்றம் என்று பலர் கேட்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் புளிக்க வைப்பது ஒரு வேலை, காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதற்குக் கிடைத்த அனுமதியை வைத்து இரண்டாவதில் இறங்கினால், சொந்தக் குடிக்காக மட்டும்தான் என்று சொன்னாலும் பெரும்பாலான நாடுகளில் வழக்கு வரும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பியர் தயாரிக்க 1978இல் கூட்டாட்சி அரசு வழிவிட்டது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீடு என்றால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லை. சாராயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. உரிமம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே காய்ச்சலாமே என்றால் அதற்கும் வழியில்லை. குடியிருக்கும் வீட்டில் மட்டுமல்ல, அதை ஒட்டிய கொட்டகையிலும் முற்றத்திலும்கூட வடிசாலை இருக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2024 ஜூலையில் டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அதன் பலன் அந்த வழக்கில் இருந்தவர்களுக்குத்தான், அதை எதிர்த்து அரசும் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே செய்தித் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது.

வாலையை, அதாவது காய்ச்சி வடிக்கும் கருவியை, வைத்திருப்பதே குற்றமா? அது இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர் வடிக்கவும் வாசனை எண்ணெய் எடுக்கவும் சிறிய வாலை வைத்துக்கொள்ள அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் விடுகிறது, ஆனால் சில மாநிலங்கள் விடுவதில்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி காய்ச்சுவது மட்டுமல்ல, அதற்காக ஊறலும் பானையும் குழாயும் வைத்திருப்பதும் குற்றம்தான். இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால், பக்கத்து மாநிலத்து விதி நமக்குப் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. பெரிய விதிவிலக்கு நியூசிலாந்து. அங்கே 1996 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது.

அரசுகள் இவ்வளவு கறாராக இருக்க முதல் காரணம் வரி. சாராயத்தின் மீதான தீர்வை அவற்றுக்குப் பெரிய வருமானம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிக்காக மட்டும்தான் இந்தத் தடை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாராயத்தில் போதை தரும் எத்தனால், தூய நிலையில் 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். மூடிய அறையில் இணைப்பு ஒன்று கசிந்து, பக்கத்தில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் குழாயாகப் பயன்படுத்தி, அதன் பற்றவைப்பில் உள்ள ஈயம் சாராயத்தில் இறங்கி, குடித்தவர்கள் நோயில் விழுந்ததும் மருத்துவர்கள் பதிவு செய்த விஷயம்.

மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தானிய ஊறலிலும் சர்க்கரை ஊறலிலும் அது மிகக் குறைவு, பழ ஊறலில் சற்றுக் கூடும். கூட்டம் கூட்டமாக மக்கள் சாகும் சம்பவங்களில் பெரும்பாலும் ஆலை மெத்தனாலை யாரோ கலந்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் மடிந்ததும் மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் தொடங்கலாம். அப்போது போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்திருந்தால் பார்வையும் உயிரும் போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன குடித்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கிறது, ஆனால் அது சீக்கிரம் உள்ளே போக வேண்டும்.

குடிப்பதற்கு இல்லை, எரிபொருளுக்குத்தான் என்பவர்களுக்கு அமெரிக்காவில் தனி அனுமதி உண்டு. முதலில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அப்புறம்தான் காய்ச்சலாம். எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு எழுத வேண்டும். வளாகத்தை விட்டு வெளியே போகும் முன் குடிக்க முடியாதபடி அதில் வேறு பொருள் கலந்துவிட வேண்டும். வேறு நாட்டில் இருப்பவர்கள், வாலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தங்கள் கலால் அலுவலகத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வாலையை வைத்திருக்க அனுமதி வேண்டுமா, அதில் மது வடிக்க அனுமதி கிடைக்குமா? கடைக்காரர் “இது சட்டப்படி சரிதான்” என்று சொன்னால் அவர் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்.