அபாலஜி: மன்னிப்பா, தன்னிலை விளக்கமா?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் சொல் இது. பேச்சில் 'ஆங்கர் அபாலஜி கேட்டுட்டாராம்' என்று சொல்லிவிடுகிறோம். எழுத உட்கார்ந்தால் 'மன்னிப்பு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அதனால் குற்றமில்லை. ஆனால், டிவி நெறியாளர் ஒருவர் வேட்பாளரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு கேமரா முன் உட்கார்ந்து ஒன்று சொல்கிறாரே, அது எப்போதும் மன்னிப்புக் கேட்பதுதானா என்றால், இல்லை. அந்தக் குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

மூலச்சொல் கிரேக்கத்து அப்போலோகியா. 'அப்போ' என்றால் விலகி, 'லோகோஸ்' என்றால் சொல், பேச்சு. தன்மேல் விழுந்த குற்றச்சாட்டு விலகும்படி ஒருவர் பேசும் பேச்சு, அதாவது நீதிமன்றத்தில் பிரதிவாதி தரப்பு வாதம். கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிவைத்த உரைக்கு இந்தப் பெயர்தான். அதில் சாக்ரடீஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, உனக்கு என்ன தண்டனை தரலாம், நீயே சொல் என்றபோது, அரசுச் செலவில் விருந்துச் சாப்பாடு போடுங்கள் என்றார். அந்த உரையின் பெயரை 'சாக்ரடீஸின் மன்னிப்பு' என்று யாராவது மொழிபெயர்த்தால் கதையே தலைகீழாகிவிடும்.

ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் ரொம்ப நாள் இதே பொருளில்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்ற பொருள் மெல்ல ஏறியது. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இந்தச் சொல்லுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: குற்றமற்றவர் என்று நிறுவுவதைவிட, குற்றத்தைக் குறைத்துக் காட்டவே இது பெரும்பாலும் பயன்படுகிறது என்று. டிவி வருவதற்கு இருநூறு ஆண்டு முன்பே டிவிக்காரர்களுக்காக எழுதியது போல இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'மன்னிப்பு உருதுச் சொல், தமிழில் பொறுத்தருள்க என்றுதான் சொல்ல வேண்டும்' என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உருதுச் சொல் மாஃபி. அது அரபியிலிருந்து வந்தது. மலையாளத்தின் மாப்பு அந்த வழியில் வந்ததுதான். மன்னிப்புக்கு உறவு வேறு பக்கம். தெலுங்கில் மன்னிஞ்சு, கன்னடத்தில் மன்னிசு என்று இருக்கின்றன. அங்கெல்லாம் பிழை பொறுப்பது என்பதோடு மதிப்பது, மரியாதை தருவது என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. நம் வழக்கில் மதிப்பது என்ற பொருள் கிடையாது, பிழை பொறுப்பது மட்டும்தான்.

பழைய சொல் பொறுத்தல் என்பது உண்மைதான். வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தை 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்றுதான் தொடங்குகிறார். அதற்காக மன்னிப்பைத் துரத்த வேண்டியதில்லை. இவ்வளவு காலம் புழங்கிவிட்ட சொல்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஆங்கிலத்தில் அபாலஜி என்பது தவறு செய்தவர் கையிலிருந்து வருவது; அவர் சொன்னால் முடிந்தது. தமிழில் மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பது. தவறு செய்தவர் அதைக் கேட்கத்தான் முடியும். கொடுப்பதும் கொடுக்காததும் எதிராளியின் விருப்பம். ஆகவே அபாலஜிக்கு மன்னிப்பு நேர்ச்சொல் ஆகாது. மன்னிப்புக் கேட்டல் அல்லது மன்னிப்புக் கோரல் என்பதே சரி. அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்புகளில் 'தொகுப்பாளர் மன்னிப்பு வழங்கினார்' என்று வந்துவிடுகிறது. திட்டியவரே மன்னித்தும் விட்டார் என்றாகிவிடும்!

கேட்டல் என்று வந்துவிட்டால் 'யாரிடம்?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கேள்விக்கு விடை இல்லாத உரைகளுக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு: தன்னிலை விளக்கம். கட்சி நோட்டீஸ் அனுப்பினால் உறுப்பினர் எழுதித் தருவது அதுதான். அப்போலோகியாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உண்மையான நிகழ்வுகளைப் பார்க்கலாம். 2008 ஜனவரி 9. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், அதிபர் வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் ஹில்லரி கிளின்டன் வென்ற மறுநாள். எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியின் கிறிஸ் மேத்யூஸ், ஹில்லரி செனட்டர் ஆனதும் அதிபர் வேட்பாளர் ஆனதும் அவருடைய கணவர் வேறு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்ததால்தான் என்கிற மாதிரிப் பேசினார். பெண்கள் அமைப்புகள் கொதித்தன. எட்டு நாள் கழித்து, ஜனவரி 17 அன்று, தம் ஹார்ட்பால் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அதற்குப் பதில் சொன்னார். ஹில்லரியின் அரசியல் வாழ்வே கணவர் செய்த துரோகத்தால் வந்தது என்பதுபோலப் பேசியது நியாயமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று விடையும் சொன்னார். அப்போது குடியரசுக் கட்சி சார்பில் களத்தில் இருந்த ஜான் மெக்கெய்ன் இவ்வளவு தூரம் வந்தது வியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டதால்தான் என்று யாராவது சொன்னால் அவருடைய துணிச்சலை மறைத்தது ஆகாதா என்று ஓர் உவமையும் சொன்னார். நேர்மையான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹில்லரியை விளித்து, என்னை மன்னியுங்கள் என்று கேட்ட வரி அதில் இல்லை. செய்திகள் எல்லாம் அதை அபாலஜி என்றே எழுதின. நான் எழுதியிருந்தால் 'தவறை ஒப்புக்கொண்டார்' என்று தலைப்பிட்டிருப்பேன்; உரையைத் தன்னிலை விளக்கம் என்றிருப்பேன்.

அடுத்த மாதமே அதே சேனலில் இன்னொன்று. பிப்ரவரி 7 அன்று டக்கர் என்ற நிகழ்ச்சியை டேவிட் ஷஸ்டர் பொறுப்பேற்று நடத்தினார். ஹில்லரியின் மகள் செல்சி, தாய்க்கு ஆதரவு கேட்டுக் கட்சியின் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு, அதாவது வேட்பாளர் தேர்வில் தம் விருப்பப்படி வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்களுக்கு, போன் செய்துகொண்டிருந்தார். அதைக் குறிப்பிட, பாலியல் தொழில் தரகரைச் சுட்டும் கொச்சைச் சொல்லை வினையாக்கிச் செல்சிமேல் போட்டார் ஷஸ்டர். மறுநாள் காலை வேறொரு நிகழ்ச்சியில் அவர் சொன்னதன் சாரம்: நான் இழிவாகப் பேசியதாக மக்கள் எந்த அளவுக்கு நினைக்கிறார்களோ, அந்த அளவுக்கு வருந்துகிறேன். இந்த 'அந்த அளவுக்கு' இருக்கிறதே, அதுதான் ஆள் தப்பிக்கும் சந்து. இழிவு அவர் வாயிலிருந்து கேட்டவர் காதுக்கு இடம் மாறிவிடுகிறது. நம்மூரிலும் 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்று ஆரம்பிக்கும் அறிக்கைகளைப் படித்திருப்பீர்கள். காலையில் சொன்னது போதவில்லை. அன்று மாலை டக்கர் நிகழ்ச்சியிலேயே மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். சேனல் அவரைத் தற்காலிகமாக நீக்கியது. கிளின்டன் தரப்பு, அந்தச் சேனல் நடத்தவிருந்த கிளீவ்லாந்து விவாதத்துக்கே வரமாட்டோம் என்கிற அளவுக்குப் போனது. கடைசியில் விவாதம் பிப்ரவரி 26 அன்று நடந்தது.

மூன்றாவது நிகழ்வில் மறுபடியும் மேத்யூஸ்தான். 2020 பிப்ரவரி 22, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில், நெவாடா மாகாணத்தில் பெர்னி சாண்டர்ஸ் வென்ற இரவு. 1940இல் பிரான்ஸ் நாஜிகளிடம் வீழ்ந்ததைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பித்து, 'எல்லாம் முடிந்தது' என்று பிரெஞ்சுப் பிரதமர் ரேனோ பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்குப் போன் செய்த கதையைச் சாண்டர்ஸின் வெற்றிக்கு ஒப்பாகச் சொன்னார். சாண்டர்ஸ் யூதர். தந்தை வழி உறவினர்கள் பலர் யூத இனப்படுகொலையில் இறந்தவர்கள். அந்த ஒப்புமை எவ்வளவு பெரிய அபத்தம் என்பதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை. பிப்ரவரி 24 அன்று மேத்யூஸ், 'செனட்டர் சாண்டர்ஸ்' என்று நேராக விளித்தார். அத்தனை பேர், குறிப்பாக யூதர்கள், துன்பப்பட்ட காலத்தின் எதையும் நீங்கள் தகுதியோடு பெற்ற வெற்றியோடு ஒப்பிட்டதற்கு வருந்துகிறேன் என்றார். யாரிடம் என்பதும் எதற்கு என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன, 'புண்பட்டிருந்தால்' இல்லை. இதைத் தயங்காமல் மன்னிப்புக் கேட்டார் என்று எழுதலாம். இதற்குச் சில நாள் கழித்து, மார்ச் 2 அன்று, அவர் நிகழ்ச்சியை விட்டே விலகினார். அதற்கு உடனடிக் காரணம் பெண்களிடம் பேசிய விதம் பற்றிய புகார். அது தனிக் கதை.

செய்தியில் வந்த தவறைத் திருத்தி வருத்தம் தெரிவிப்பது இந்த இரண்டிலிருந்தும் வேறு. 2004 செப்டம்பரில், ஜார்ஜ் புஷ்ஷின் தேசியக் காவற்படைச் சேவை பற்றிய ஆவணங்களை வைத்து சி.பி.எஸ். ஒளிபரப்பிய செய்தி, அவற்றின் நம்பகத்தன்மையை நிறுவ முடியாமல் கவிழ்ந்தது. அதை வழங்கிய நெறியாளர் டான் ராதர் நேரலையில் வருத்தம் தெரிவித்தார். அங்கே வருந்தியது ஆவணங்களைச் சரிபார்க்கத் தவறியதற்காக. அதை 'செய்திக்கு வருத்தம் தெரிவித்தார்' என்று எழுதுவதுதான் துல்லியம். வருத்தம் உணர்ச்சியைச் சொல்லும். யாரிடமும் எதையும் கேட்காது. 'சாரி'யும் கிட்டத்தட்ட அப்படித்தான், பழைய ஆங்கிலத்தில் புண், வலி என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது.

இன்னொரு பொறி பொதுமன்னிப்பு. எல்லோர் முன்னிலையிலும் கேட்பதால் பொதுமன்னிப்பு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது அரசு கைதிகளுக்கோ கிளர்ச்சியாளர்களுக்கோ மொத்தமாகத் தருவது. இலங்கைத் தமிழில் ஆம்னெஸ்டி அமைப்பின் பெயரே சர்வதேச மன்னிப்புச் சபை. டிவியில் கேட்பதைப் பகிரங்க மன்னிப்புக் கேட்டல் என்று எழுதலாம். நீதிமன்றச் செய்திகளில் வரும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரலும் நல்ல வழக்குதான். எதை எழுதினாலும் 'மன்னிப்பு கேட்டார்' என்று விட்டுவிடாமல் நடுவில் ஒரு 'க்' போடுங்கள். மன்னிப்பைக் கேட்டார் என்பதில் 'ஐ' மறைந்திருந்தாலும், மன்னிப்பு வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல்) என்பதால் ஒற்று மிகும்.