சொல் விளக்கம்: வால்மீன்

2014 நவம்பர் 12, இந்திய நேரப்படி இரவு 9.33 மணி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரொசெட்டா கலத்திலிருந்து பிரிந்த ஃபிலே என்ற சிறுகலம், சுமார் 51 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் தான் இறங்கிவிட்டதாக அனுப்பிய செய்தி பூமிக்கு வந்து சேர்ந்தது. ஒளியின் வேகத்திலேயே வந்தும் அதற்கு 28 நிமிடம் பிடித்தது. அது இறங்கிய பொருளின் பெயர் 67பி சுர்யூமோவ்-கெராசிமென்கோ. தமிழில் அதை என்னவென்று சொல்வது? வால் நட்சத்திரம் என்பவர்கள் உண்டு, வால்வெள்ளி என்பவர்கள் உண்டு, வால்மீன் என்று எழுதுபவர்களும் உண்டு. பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்கள் தூமகேது என்பார்கள். சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகளில் அது தோகச்சுக்க.

இவற்றில் வால்மீனையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

வால் நட்சத்திரம் என்ற பெயரில் சிக்கல் வாலில் இல்லை, நட்சத்திரத்தில் இருக்கிறது. நட்சத்திரம் என்றால் தானாக எரிந்து ஒளிவிடும் சூரியன் மாதிரியான ஒன்று என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். வால்மீனுக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளியில் மினுங்கும் தூசியும், அதே சூரியன் கிளறிவிட்டு ஒளிரும் வாயுவும்தான் நம் கண்ணில் படுகின்றன. நட்சத்திரம் என்று பெயர் வைத்துவிட்டு, அது நட்சத்திரமே இல்லை என்று அடுத்த வரியில் குழந்தைக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

சரி, மீன் மட்டும் நட்சத்திரம் இல்லையா, விண்மீன் என்கிறோமே என்று கேட்கலாம். இங்கேதான் பழந்தமிழ் கைகொடுக்கிறது. மின்னுவது மீன். வானத்தில் மின்னும் எதையும் அந்தக் காலத்தில் மீன் என்றார்கள். பட்டினப்பாலையில் 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று ஒரு வரி வருகிறது. நாள்மீன் என்பது அசுவினி, பரணி போன்ற நட்சத்திரம். கோள்மீன் என்பது கிரகம். அதாவது நட்சத்திரமும் மீன், கிரகமும் மீன். முன்னால் வரும் சொல்தான் எந்த வகை என்று பிரித்துக் காட்டுகிறது. சனிக்கு மைம்மீன், அருந்ததிக்கு வடமீன், விழுந்து எரிவதற்கு எரிமீன். அந்த வரிசையில் வால் உள்ளதை வால்மீன் என்றால் சொல்லில் பிழையே இல்லை. வால்வெள்ளியையும் இதே வழியில் நியாயப்படுத்தலாம். விடிவெள்ளியில் இருப்பது போல வெள்ளி என்றாலும் வானில் ஒளிர்வதுதான். இலங்கைத் தமிழர் அதை இயல்பாகப் புழங்குகிறார்கள். நம் பக்கத்தில் வெள்ளி என்றதும் சுக்கிரனும் கிழமையும் முன்னால் வந்து நிற்பதால் எனக்கு அது இரண்டாம் இடம்தான்.

ஆங்கிலத்தின் காமெட் கிரேக்கத்திலிருந்து வந்தது. கோமே என்றால் தலைமுடி, கோமெட்டெஸ் என்றால் நீள்முடி உடையது. வால்மீனின் கருவைச் சுற்றிப் படரும் வாயு, தூசி மண்டலத்தை இன்றும் கோமா என்கிறார்களே, அதுவும் இந்த முடிதான். நினைவிழந்து கிடக்கும் கோமா நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆழ்ந்த தூக்கத்தைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல் அது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் வால்மீனின் கோமாவைப் புகைத்தலை என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். புகையை நான் எங்கிருந்தோ இழுத்து வரவில்லை, அதற்கு நம்மிடம் பழைய வழக்கே இருக்கிறது.

புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், 'மைம்மீன் புகையினும், தூமம் தோன்றினும்' என்று தொடங்குகிறார். சிலப்பதிகாரத்தில் இளங்கோ, 'கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்' என்கிறார். கரியவன் என்பதும் மைம்மீனான சனிதான். தூமம் என்றால் புகை. தூமகேது என்ற வடசொல்லில் கேது என்பது கொடி. ஆக, புகைக்கொடியும் தூமகேதுவும் சொல்லுக்குச் சொல் ஒன்றேதான். கெட்ட சகுனம் என்று ஊரே பயந்த காலம் அது. ஆனாலும் இந்த இரண்டு இடத்திலும் உள்ள 'உம்' கவனிக்க வேண்டியது. புகைக்கொடியே தோன்றினாலும் பாரியின் நாட்டு வயல் விளையும் என்கிறார் ஒருவர். அதே தோன்றினாலும் காவிரியில் நீர் வரும் என்கிறார் மற்றவர். சகுனத்தைச் சொல்லிவிட்டு அதை மீறிப் பாடியவர்கள் இவர்கள். வால்மீன் பற்றித் தமிழில் பேச வருகிறவர் மறக்கக் கூடாத வரிகள் இவை.

இன்னொன்று, கொடி என்ற உருவகம் வாலைவிடத் துல்லியமானது. வால் எப்போதும் பின்னால்தான் வரும். வால்மீனின் வால் அப்படி வருவதில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நோக்கியே நீள்கிறது. சூரியனை நெருங்கும்போது பின்னால் இருக்கும், சுற்றிக்கொண்டு திரும்பிப் போகும்போது அதே வால் முன்னால் நீண்டிருக்கும். காசிமேட்டுப் படகில் கட்டிய கொடி, படகு எந்தப் பக்கம் போனாலும் காற்றடிக்கும் திசைக்குத்தானே பறக்கும், அப்படி. இங்கே காற்று என்பது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம். அதற்குச் சூரியக் காற்று என்றே பெயர். அது வாயு வாலை நேராகத் தள்ளுகிறது. தூசி வாலை ஒளியின் அழுத்தம் தள்ள, அது சற்று வளைந்து போகிறது. எனவே புகைக்கொடியை அகராதியோடு விட்டுவிடாமல், கவிதையிலும் பாடத்திலும் புழங்கவிடலாம்.

சென்னைக்கும் வால்மீனுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. அதன் பழைய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் எரிமீன் மழை கொட்டியது. பீலா என்ற வால்மீன் 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமலே போயிருந்தது. பூமி அதன் மீது உரசிவிட்டது, தெற்கு வானில் தேடுங்கள் என்று ஜெர்மனியின் வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் மதராஸுக்குத் தந்தி அடித்தார். இங்கே வானியலாளராக இருந்த நார்மன் போக்சன், டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு விடியலிலும் மேகத்துக்கு நடுவே ஒரு வால்மீனைக் கண்டுவிட்டார். அப்புறம் வானம் மூடிக்கொண்டது. இரண்டு நாள் அளவை வைத்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிட முடியாது. அது பீலா இல்லை, வேறொன்று என்று பிறகு முடிவானது. போக்சன் பெயரிலேயே அது பட்டியலில் இருக்கிறது. இதே சென்னையில் 1927இல் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு 1949இல் அமெரிக்காவில் இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

ரொசெட்டாவுக்கு வருவோம். முடி, வால், கொடி என்று வைத்த பெயர்கள் எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்தவை. ரொசெட்டா போனது கருவைப் பார்க்க. 2004 மார்ச் 2 அன்று புறப்பட்டு, பூமியையும் செவ்வாயையும் உரசிப் போய் வேகம் சேர்த்து, நடுவில் 31 மாதம் உறங்கி, 2014 ஆகஸ்ட் 6 அன்று 67பியை அடைந்தது. வால்மீன் ஒன்றைச் சுற்றிவந்த முதல் கலம் அதுதான். அங்கே தெரிந்தது இரண்டு கட்டிகள் ஒட்டிக்கொண்ட ஓர் உரு. பெரிய கட்டி நீளவாக்கில் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். செங்குத்துப் பாறைகள், குழிகள், தூசி படிந்த சமவெளி. கரியைப் போலக் கறுப்பு. அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பாதி. சூரியனை ஒரு முறை சுற்ற ஆறரை ஆண்டு எடுக்கும் இந்தப் பொருளுக்கு, அதில் பெரும்பகுதி காலம் சொல்லும்படியான வால் கிடையாது. சூரியனை நெருங்கும்போதுதான் உள்ளிருக்கும் பனி நேராக ஆவியாகித் தூசியையும் அள்ளிக்கொண்டு கிளம்புகிறது. ரொசெட்டா அளந்தபோது, அதன் நீராவியில் கன ஹைட்ரஜனின் (சாதாரண ஹைட்ரஜனைவிட எடை கூடிய வகை) விகிதம் நம் கடல்நீரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஆகவே நம் கடல் இதுபோன்ற வால்மீன்களிலிருந்து வந்திருக்கும் என்ற எண்ணத்துக்கு அது அடி கொடுத்தது. கிளைசின் என்ற அமினோ அமிலமும் புகைத்தலையில் கிடைத்தது.

கலங்களின் பெயருக்குச் சுற்றுகலம், இறங்குகலம் போதும். சந்திரயானுக்குப் பிறகு ஆர்பிட்டர், லேண்டர் என்பதும் எல்லோருக்கும் புரிகிறது. அதில் சண்டை வேண்டாம். ஆனால் வால்மீனில் இறங்கினால் மட்டும் போதாது, பற்றிக்கொள்ள வேண்டும். பூமியில் 100 கிலோ இருந்த ஃபிலேவுக்கு அங்கே ஒரு கிராம் அளவுக்குத்தான் எடை. அதனால் தரையைத் தொட்டதும் கயிறு கட்டிய இரண்டு ஈட்டிகளைப் பாய்ச்சி இழுத்துக்கொள்ள ஏற்பாடு. அந்தக் கருவிக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: எறியுளி. காய்ந்த மூங்கில் கழியில் கூரிய எறியுளியைப் பொருத்திக் கோட்டுமீனை, அதாவது சுறாவை, எறியும் பரதவரைக் குறுந்தொகையின் 304ஆம் பாட்டு காட்டுகிறது. ஈட்டி என்றால் போர்க்கருவி நினைவுதான் வரும். எறியுளி என்றால் கடலில் எறிந்து பற்றும் வேலை அதிலேயே இருக்கிறது.

ஃபிலேவின் எறியுளிகள் பாயவில்லை. மேலிருந்து அழுத்த வேண்டிய வாயு உந்தியும் இயங்கவில்லை. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தொட்ட கலம், வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் எம்பிப் போனது. சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம் எழுந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிதந்து, மறுபடி தொட்டு, இன்னொரு சிறு துள்ளலுக்குப் பிறகு ஒரு பாறையின் நிழலில் போய் அடங்கியது. வெயில் போதவில்லை. மின்கலத்தில் இருந்ததை வைத்து இரண்டரை நாள் போல வேலை செய்து, அளந்ததை அனுப்பிவிட்டு உறங்கிவிட்டது. 2015 ஜூனில் விழித்துச் சில முறை பேசியது. ஜூலை 9க்குப் பிறகு பேச்சில்லை. 2016 செப்டம்பர் 2 அன்று ரொசெட்டா எடுத்த படத்தில், பாறை இடுக்கில் கால் தூக்கிக் கிடந்த ஃபிலே கண்ணில் பட்டது. அதே மாதம் 30ஆம் தேதி ரொசெட்டாவும் அந்த வால்மீனிலேயே மெல்ல இறங்கி ஓய்ந்தது.

எழுதும்போது ஒரு நுணுக்கம். இலக்கணப்படி நாள்மீன் நாண்மீன் ஆவது போல, வால்மீன் புணர்ந்தால் வான்மீன் ஆக வேண்டும். அப்படி எழுதினால் வானத்து மீன் என்று பொருள் மாறிவிடும். அதனால் புணர்க்காமல் வால்மீன் என்றே எழுதுவது நல்லது. பன்மையில் வால்மீன்கள். நடுவில் இருக்கும் திடப்பொருள் வால்மீன் கரு. அதைச் சுற்றியது புகைத்தலை. நீண்டு போவது தூசி வால், வாயு வால். எரிமீன் வேறு, சிறுகோள் வேறு. இவற்றை வால்மீனோடு கலக்க வேண்டாம்.