கப்பல் உடையாது அண்ணாச்சி, நீங்கள்தான் விழுவீர்கள்

கப்பலின் நீண்ட நடைவழி நெளிந்து வளைகிற அந்தப் பழைய வீடியோ மறுபடியும் சுற்றுகிறது, "உடையப் போற கப்பல், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று கீழே ஒரு வரியோடு. அதைப் பார்த்துப் பயந்துபோய், பேரப்பிள்ளைகளோடு சென்னையில் சொகுசுக் கப்பல் ஏறிய பாளையங்கோட்டை ஆச்சி ஒருவர், ராத்திரி முன்பக்கம் டம்மென்று சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து எழுந்து ஓடி, அடுத்த ஆட்டத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கப்பலுக்கு ஒரு கீறலும் இல்லை. கப்பல் கட்டமைப்பைச் சோதிப்பது என் வேலை என்பதால் இந்த மாதிரிக் கதைகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன, எனக்கும் அலுத்துவிட்டது.

கப்பல் வளையத்தான் வேண்டும். அலைமுகடு நடுவில் வந்தால் இரண்டு முனையும் தாழும், பள்ளம் வந்தால் நடுப்பகுதி தாழும். வளையாத எஃகு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டுத்தான் தகட்டின் தடிமனையே முடிவு செய்கிறோம். முகப்பு அலையில் அறைந்தால் அந்த அடி கப்பல் முழுவதும் ஓடி, பெரிய கப்பலில் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை என்று சில தடவை அதிர்ந்து அடங்கும். இது விப்பிங். அடியே விழாமல், அலையின் தாளம் கப்பலின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய் விடாமல் நடுங்கினால் ஸ்பிரிங்கிங். அறையில் கிரீச்சென்று கேட்பது பெரும்பாலும் உள்அலங்காரப் பலகைகள் உரசும் சத்தம். அதற்குப் போய் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

கப்பல் உடைந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். 2013-ல் எம்ஓஎல் கம்ஃபர்ட் இந்தியப் பெருங்கடலில் இரண்டாகப் பிளந்தது, ஆனால் அது கன்டெய்னர் கப்பல். பயணிகள் கப்பல்களில் அலையால் வந்த பெரிய சேதங்கள் வேறு மாதிரி. 1966-ல் மைக்கலாஞ்சலோ கப்பலின் தளத்துக்கு மேலே எழும்பிய அறைகள் பகுதியின் முன்பக்கத்தை ஒரே அலை நொறுக்கியதில் மூன்று பேர் இறந்தார்கள். 1994-ல் வண்டிகளையும் ஏற்றிப்போகும் எஸ்டோனியா என்ற கப்பலின் முகப்புக் கதவை அலைகள் பிய்த்துப்போட்டு, தண்ணீர் உள்ளே புகுந்து கப்பல் மூழ்கியதில் 852 உயிர்கள் போயின. இரண்டிலும் அடி விழுந்தது முகப்பில். மற்றபடி, வருடக்கணக்கில் வாங்கும் அதிர்வு விரிசலாக வெளிவருவது கதவு, ஜன்னல் மூலைகளில். அதனால் நாங்கள் சர்வேக்குப் போனால் முதலில் டார்ச் அடிப்பதும் அங்கேதான். அந்தக் கவலையை எங்களிடம் விடுங்கள்.

கேப்டன் வேகத்தைக் குறைத்தால் ரிசப்ஷனில் போய்ச் சண்டை போடாதீர்கள். அலையில் மோதும் வேகம் பாதியானால் அடியின் அழுத்தம் ஏறக்குறைய கால்பங்காகும். மழைக்காலத்தில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை நிறுத்தினாலும், காற்று அதிகம் என்று கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகை நிறுத்தினாலும் கவுண்டரில் நின்று கத்துவது நம் ஆட்கள்தான். நிறுத்துகிறவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அறை எடுக்கும்போது கடைசி அறைகள் வேண்டாம். இப்போதைய சொகுசுக் கப்பல்களின் பின்பக்க அடிப்பாகம் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால், மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து வரும் சாதாரண அலையே டமடமவென்று தட்டும். டவுன் பஸ் கடைசி சீட்டுக்காரர் படும் பாடுதான். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறை நல்லது. அங்கேயும் அதிர்வு தெரியும், ஆனால் தூக்கிப்போடுவது குறைவு.

சத்தம் கேட்டால் எழுந்து ஓடாதீர்கள், உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருங்கள். நடந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கதவு இடுக்கில் விரலை வைக்காதீர்கள், கொதிக்கும் காபியோடு படியிறங்காதீர்கள். அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் செல்ஃபி எடுப்பதை விட்டுவிட்டுப் போங்கள். அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களா? அவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், "ஒண்ணும் இல்ல, தைலம் தேய்ச்சா சரியாகும்" என்று அவர்களே சொன்னாலும் கேட்காதீர்கள். தயவுசெய்து உடனே கப்பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.