பகுதி பூஜ்ஜியமானால் மட்டும் போதாது

போன வாரம் சிங்கப்பூரின் ஈசூனில் என் துணைப்பாட வகுப்பில் எட்டுத் தாள்களைத் திருத்தினேன். தொடக்கக் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள். ஆறு தாள்களில் ஒரே தவறு. கேள்வி இதுதான்: ஒரு பின்னச் சார்பு, தொகுதியில் (மேலே) எக்ஸ்² − எக்ஸ் − 6, பகுதியில் (கீழே) எக்ஸ்² − 9. நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது வரைபடம் எல்லையில்லாமல் மேலேயோ கீழேயோ ஓடியபடி நெருங்கிக்கொண்டே போகும் செங்குத்துக் கோடு (அசிம்ப்டோட்), எங்கே? ஆறு பேரும் எக்ஸ் = 3, எக்ஸ் = −3 என்று இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டார்கள். கேட்டால், "பகுதி பூஜ்ஜியமானா அசிம்ப்டோட்தானே சார்?"

இல்லை, கண்ணுகளா. ஒவ்வோர் ஆண்டும் இதையே சொல்கிறேன். பகுதி பூஜ்ஜியமானால் அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பு இல்லை, அவ்வளவுதான். வரைபடம் அங்கே எல்லையில்லாமல் ஓடுகிறதா, ஒரே ஒரு புள்ளி மட்டும் விட்டுப்போகிறதா என்பதை இன்னும் நீங்கள் பார்க்கவே இல்லை. காரணிப்படுத்துங்கள். மேலே (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2), கீழே (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3). பொதுக் காரணியை அடித்தால் மிஞ்சுவது (எக்ஸ் + 2)/(எக்ஸ் + 3). இதில் 3 போட்டால் 5/6. ஆக, அங்கே இருப்பது ஒரு துளை. கோடு எக்ஸ் = −3 மட்டும்தான். நம்பிக்கை வரவில்லையா? 2.999 போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 0.833 வரும். −2.999 போட்டால் −999. இரண்டும் ஒன்றா?

சரி, புரிந்தது என்று தலையாட்டிவிட்டு அடுத்த தாளில் "மேலேயும் பூஜ்ஜியம் வந்தால் துளை" என்று எழுதுகிறார்கள். அதுவும் தப்பு. மேலே (எக்ஸ் − 3), கீழே (எக்ஸ் − 3)² இருந்தால், ஒன்றை அடித்த பிறகும் கீழே ஒன்று நிற்கிறது. எக்ஸ் = 3 தொலைத்தொடுகோடுதான். அடித்தபின் பகுதியில் என்ன மிச்சம் என்று பாருங்கள்.

வரைபடக் கால்குலேட்டரை நம்பி உட்காராதீர்கள். துளை பெரும்பாலும் திரையில் தெரியாது. அட்டவணையிலும் 3, −3 இரண்டுக்கும் பிழை என்றே காட்டும். எது துளை, எது கோடு என்று அது சொல்லாது.

அப்புறம், விடையை எக்ஸ் = −3 என்று சமன்பாடாக எழுதுங்கள். வெறும் −3 ஓர் எண், கோடு ஆகாது. பகுதியில் எக்ஸ்² + 4 வந்தால் ±2 என்று கிறுக்காதீர்கள். அது எந்த மெய்யெண்ணுக்கும் பூஜ்ஜியமாகாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறு செய்ததும் இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏன் அந்த இடத்தில் கோடு போட்டாய் என்று கேளுங்கள். கணக்கு உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்லும்போது பிள்ளைக்கே இடறும். பிள்ளைகளே, காரணியை அடிப்பதற்கு முன்னால் எக்ஸ் ≠ 3 என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். அடித்த பிறகு அந்த 3 கண்ணில் படாது.