சேர்த்த சர்க்கரை

'கூடுதல் சர்க்கரை இல்லை' என்று ஒரு பானத்தின் விளம்பரத்தில் எழுத்து ஓடியது. எழுதியவர் சொல்ல வந்தது, 'நாங்கள் தனியாகச் சர்க்கரை எதுவும் போடவில்லை' என்பது. படிக்கிறவருக்கோ, 'சர்க்கரை இருக்கிறது, ஆனால் அளவுக்கு மேல் இல்லை' என்றும் பொருள் படும். கூடுதல் விலை, கூடுதல் நேரம், கூடுதல் சுமை என்று, வழக்கமான அளவுக்கு மேல் ஏறியதைத்தான் 'கூடுதல்' என்கிறோம். உணவியலார் இங்கே பேசுவது சர்க்கரை வந்த வழியைப் பற்றி. பாலிலும் பழத்திலும் இயல்பாகவே இருப்பது ஒரு வகை. தயாரிக்கும்போது கொட்டிக் கலப்பது இன்னொரு வகை. பெயர் தேவைப்படுவது இரண்டாவது வகைக்கு.

அதற்குச் 'சேர்த்த சர்க்கரை' என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன். 'சேர்' என்ற வினை தமிழில் இரண்டு விதமாக நடக்கும். தானாக வந்து கூடினால் 'சேர்ந்தது'. ஒருவர் கொண்டுவந்து கூட்டினால் 'சேர்த்தது'. பழத்தில் உள்ள இனிப்பு சேர்ந்தது. பானத்தில் கலந்த இனிப்பு சேர்த்தது. 'சேர்த்த' என்று சொன்னவுடனேயே 'யார் சேர்த்தார்?' என்ற கேள்வி பின்னால் வந்து நிற்கிறது. மெல்லினம் ஒன்று வல்லினமாக மாறியதில் ஒரு பொறுப்பாளி வந்துவிடுகிறார். சுருக்கம் கருதிச் சிலர் 'சேர்சர்க்கரை' என்று வினைத்தொகையாக்கலாம். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 'ந்த', 'த்த' என்ற இரண்டும் அதில் மறைந்துவிடுவதால், எந்த வேறுபாட்டுக்காகச் சொல் தேடினோமோ அது தொலைந்துபோகும். 'சேர்க்கப்பட்ட' என்றாலும் பிழையில்லை, நீளம்தான்.

'சர்க்கரை' வந்த கதை நெடியது. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் பருக்கைக்கல், பொடிக்கல். கரும்புச்சாறு காய்ச்சி இறுகிய மணிகள் அதுபோல் இருந்ததால் அந்தப் பெயர் இனிப்புக்கு வந்தது. அதன் பிராகிருத வடிவம் 'சக்கரா'. பழந்தமிழில் முதல் மெய் தேய்ந்து 'அக்காரம்' என்றும் வழங்கியது. மேற்கே போனது பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்' என்றாகி, ஆங்கிலத்தில் 'சுகர்' என்று முடிந்தது. கிரேக்கம், லத்தீன் வழியாகப் போன கிளையிலிருந்து, 1879-இல் கண்டறியப்பட்ட 'சாக்கரின்' பெயர் பெற்றது. சர்க்கரைக்கு மாற்றாக வந்த பொருளுக்கும் சர்க்கரையின் பெயர்தான். 'சீனி' சீனத்தின் பெயரால் வந்தது. தமிழில் நோய்க்கும் இதே சொல்லை வைத்திருக்கிறோம். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டால் யாரும் சமையலறையைப் பார்ப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதல் இன்னும் விரிந்த ஒரு வகையைப் பேசுகிறது. சேர்த்த சர்க்கரையோடு தேன், பாகு, பிழிந்த பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும் அதில் அடங்கும். இதைத் 'தனிச் சர்க்கரை' எனலாம். சதைக்குள் பொதிந்திருந்தது பிழிந்ததும் தனித்துவிடுகிறது அல்லவா? நாளின் மொத்த ஆற்றலில் இது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அந்த வழிகாட்டுதல். 2,000 கலோரி உண்பவருக்கு முறையே 50 கிராம், 25 கிராம்.

இப்போது ஒரு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பழம் பளபளக்கிறது. பின்பக்கம், மடிப்புக்கு அருகில், பொடி எழுத்தில்: '100 மில்லிலிட்டருக்குச் சேர்த்த சர்க்கரை 11 கிராம்'. பாட்டிலின் கொள்ளளவு 300 மில்லிலிட்டர் என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. பெருக்கினால் 33 கிராம், ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி. இந்தக் கணக்கை, தாகத்தோடு நிற்கும் ஒருவர், அதுவும் ஒரு குழந்தை, போட்டுப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆசையை மூட்டிய விளம்பரத்திலோ ஓர் எண்கூட இல்லை.

'விளம்பரம்' என்ற சொல்லுக்கே இது பொருந்தாது. 'விளம்பு' என்றால் வெளிப்படச் சொல், பலர் அறியச் சொல். 1936-இல் திருவிதாங்கூரில் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட அரசாணையை மலையாளத்தில் 'விளம்பரம்' என்றே அழைக்கிறார்கள். விளம்புவதற்கு உணவு பரிமாறுவது என்றும் ஒரு பொருள் உண்டு. மலையாளத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சு. சொல்வதும் பரிமாறுவதும் ஒரே வினையில் இருக்கின்றன. உணவு விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் வாய்க்காது. பரிமாறுகிறவர் எதைப் பரிமாறுகிறார் என்று சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன். சேர்த்த சர்க்கரையின் அளவை விளம்பரத்திலேயே சொல்வதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

பிரான்சில் 2007 முதல் சர்க்கரை சேர்த்த பானங்களின் விளம்பரங்களில் உடல்நல அறிவுரை ஒன்று இடம்பெறுகிறது. நல்லதுதான், ஆனால் அறிவுரை அளவைச் சொல்வதில்லை. சிங்கப்பூர் கடுமையான வழியை எடுத்தது. அங்கே 2022 டிசம்பர் 30 முதல் பொதியில் அடைத்த பானங்களுக்குத் தரவரிசை உண்டு. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசித் தரம்; விற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்ய முடியாது. மேலே சொன்ன பாட்டில் அங்கே தொலைக்காட்சிக்கு வரவே முடியாது.

தடை வேண்டாம் என்பவர்கள்கூட அளவைச் சொல்ல மறுக்கக் காரணம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருபது வினாடி விளம்பரத்தில் நேரம் இல்லை என்பார்கள். '100 மில்லிலிட்டருக்கு', 'ஒரு பரிமாறலுக்கு' என்ற சுற்று வேண்டாம். பரிமாறல் எவ்வளவு என்பதைப் பல இடங்களில் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். முழு பாட்டிலுக்கும் கணக்குச் சொன்னால் போதும்: 'இந்த பாட்டிலில் சேர்த்த சர்க்கரை எட்டுத் தேக்கரண்டி.' நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான்கு வினாடி ஆகிறது.