பியூரிட்டன்: தூய்மையாக்க நினைத்தது எதை?

ஆங்கில இலக்கிய வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள், 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலேயப் புராட்டஸ்டண்டு இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவரைக் குறிக்கும் ‘பியூரிட்டன்’ என்ற சொல்லுக்கு இணையாகத் தூய்மைவாதி, பரிசுத்தவாதி, ஆசாரவாதி, துறவு நெறியர் என்று பலவற்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். இவற்றில் முதலாவது ஓரளவு ஒட்டும். மூன்றாவது நேர் எதிர்ப்பொருள் தரும். குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான்: பியூரிட்டன்கள் எதைத் தூய்மையாக்கப் புறப்பட்டார்கள் என்று கேட்காமலேயே ‘தூய்மை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். அவர்கள் தூய்மையாக்க நினைத்தது முதலில் தங்கள் நடத்தையை அல்ல, உடலையும் அல்ல. இங்கிலாந்துத் திருச்சபையை.

சொல்லின் வேர் லத்தீன். ‘பூருஸ்’ என்றால் கலப்பற்ற, தூய. அதிலிருந்து ‘பூரிட்டாஸ்’, அது ஆங்கிலத்தில் ‘பியூரிட்டி’. அதன்மேல், லூத்தரன் என்ற பெயரில் இருப்பதைப் போல, ஒரு கட்சியைச் சேர்ந்தவரைக் குறிக்கும் ‘அன்’ ஈறு ஏறியது. 1560-களில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. வந்தது வசைச்சொல்லாக. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் நொவாத்தியன் என்பவரைப் பின்பற்றியவர்கள் தங்களைக் கிரேக்கத்தில் ‘கதாரோய்’, அதாவது தூயோர், என்று அழைத்துக்கொண்டார்கள். திருச்சபை அவர்களை ஒதுக்கியது. ‘பியூரிட்டன்’ என்று ஒருவரைப் பழித்தபோது அந்தப் பழைய பிரிவினைக் குற்றத்தின் நிழலும் அவர்மேல் விழுந்தது.

பழிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் வேறு. ‘தேவபக்தியுள்ளவர்கள்’ என்றும் ‘பரிசுத்தவான்கள்’ என்றும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாவதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போஸ்தலன் பவுல் புதிய ஏற்பாட்டில் உள்ள தமது நிருபங்களில், அதாவது கடிதங்களில், சபையில் உள்ள விசுவாசிகள் எல்லாரையும் அப்படித்தான் விளிக்கிறார். வானத்தில் ஒளிவட்டத்தோடு நிற்கும் புனிதர் என்ற பொருள் அதில் இல்லை. அந்தப் புனிதர் வணக்கத்தையே அவர்கள் ஒழிக்க விரும்பினார்கள்.

எட்டாம் ஹென்றி 1534-இல் போப்பின் அதிகாரத்திலிருந்து இங்கிலாந்தைப் பிரித்தார். எலிசபெத் 1559-இல் ஒரு பொது ஜெபப் புத்தகத்தைச் சட்டமாக்கி, எல்லாரும் அதன்படியே வழிபட வேண்டும் என்றார். போதகம் புராட்டஸ்டண்டு, சடங்கிலோ பழைய கத்தோலிக்க வழக்கம் நிறைய மிச்சமிருந்தது. பியூரிட்டன்களின் சண்டை இந்த மிச்சத்தோடுதான். வழிபாடு நடத்தும் குரு அணியும் வெள்ளை மேலங்கி வேண்டாம்: அது பலியிடும் ஆசாரியனின் உடை, பிரசங்கம் செய்கிறவருக்கு எதற்கு? ஞானஸ்நானத்தில் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவது வேண்டாம்: வேதத்தில், அதாவது பைபிளில், அப்படி இல்லை. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை முழங்காலில் நின்று வாங்குவது வேண்டாம்: அப்பத்தையே வணங்குவதாக ஆகிவிடும். திருமணத்தில் மோதிரம் வேண்டாம். இவ்வளவுக்கும் அடியில் இருந்த விதி சுருக்கமானது: வழிபாட்டில் வேதம் கட்டளையிட்டதற்கு மட்டுமே இடம், வேதம் விலக்காததெல்லாம் செய்யலாம் என்பது தவறு.

1603-இல் முதலாம் ஜேம்ஸ் அரசரானதும் இந்தக் கோரிக்கைகளை ஒரு விண்ணப்பமாகக் கொடுத்தார்கள். 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் அரண்மனையில் பேச்சு நடந்தது. பேராயர் ஆட்சியில் கைவைப்பது அரசாட்சியில் கைவைப்பதே என்று ஜேம்ஸ் நினைத்தார். ‘பேராயர் இல்லையேல் அரசரும் இல்லை’ என்பது அவர் வாக்கு. அந்தக் கூட்டத்தில் கேட்டவர்களுக்குக் கிடைத்த பெரிய பலன் ஒரு புதிய வேதாகம மொழிபெயர்ப்பு. 1611-இல் வெளிவந்து அந்த அரசர் பெயரையே தாங்கியது.

‘ஆசாரவாதி’ ஏன் தலைகீழ் மொழிபெயர்ப்பு என்பது இப்போது விளங்கும். ஆசாரம் என்றால் வழிவழியாகக் கைக்கொள்ளும் நடைமுறை, சடங்கொழுங்கு. பியூரிட்டன் எதிர்த்ததே ஆசாரத்தை. கிறிஸ்துமஸ் கொண்டாடுவதற்கு வேதத்தில் கட்டளை இல்லை என்பதால், பியூரிட்டன்கள் கடல் கடந்து குடியேறிய வட அமெரிக்க மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். திருமணத்தை நடத்திவைத்தவர் போதகர் அல்ல, ஊர் நீதிபதி. அவர்கள் பார்வையில் திருமணம் திருவருட்சாதனம் (தேவ அருளைத் தரும் புனிதச் சடங்கு) அல்ல, ஒப்பந்தம். வழிபடும் கட்டடத்தைக் கோயில் என்று சொல்லாமல் ‘கூடும் வீடு’ என்றார்கள், சபை என்பது மனிதர்கள்தான் என்பதால். ஊர்க்கூட்டமும் அதே கட்டடத்தில் நடந்தது.

துறவு என்ற சொல்லும் பொருந்தாது. போதகர்கள் மணம் செய்து பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார்கள். பீர் அன்றாடப் பானம். பானம் தேவனுடைய நல்ல சிருஷ்டி, குடிவெறியன்தான் பிசாசினுடையவன் என்று 1673-இல் பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மேதர் எழுதினார். எப்போதும் கறுப்பு உடையில் நின்றவர்கள் என்ற சித்திரமும் பிழை. ஆழ்ந்த கறுப்புச் சாயம் விலை கூடியது; மற்றொரு வட அமெரிக்கக் குடியேற்றமான பிளிமத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் சிவப்பு உள்சட்டையும் ஊதா மேலங்கியும் இருக்கின்றன. இன்று நம் மனத்தில் நிற்கும் இறுகிய முகத்தில் பெரும்பங்கு 19-ஆம் நூற்றாண்டுக் கதைகள் வரைந்தது. மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் நீதிபதியாக இருந்தவரின் வழித்தோன்றலான நத்தானியல் ஹாதோர்ன் 1850-இல் எழுதிய நாவலுக்கு அதில் முக்கிய இடம் உண்டு. அந்த வழக்குகளைப் பற்றித் தமிழில் அடிக்கடி எழுதப்படும் ஒரு பிழையையும் இங்கேயே திருத்திவிடலாம்: 1692-இல் சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ மாட்டேன் என்ற ஒரு முதியவர் மார்பில் பாறாங்கல் ஏற்றப்பட்டு இறந்தார்.

அடுத்து, பிரித்தறிய வேண்டிய இரண்டு கூட்டங்கள். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் பிளிமத்துக்கு வந்தார்கள். அவர்களில் சமயக் காரணத்துக்காக வந்தவர்கள் பிரிவினையாளர்கள். இங்கிலாந்துத் திருச்சபை திருத்தவே முடியாதது என்று அதைவிட்டு வெளியேறி, ஹாலந்தில் லெய்டன் நகரில் பத்தாண்டுக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர்கள். 1630-இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் ஆர்பெல்லா முதலிய கப்பல்களில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தவர்கள் அப்படி வெளியேறவில்லை. தாய்ச்சபையைத் துறக்கவில்லை, அதன் கறையைத்தான் துறக்கிறோம் என்றார்கள். பியூரிட்டன் என்ற சொல் கறாரான பொருளில் இவர்களுக்கே உரியது. மத்தேயு சுவிசேஷத்தின் ‘மலையின்மேல் இருக்கிற பட்டணம்’ என்ற வசனத்தை வின்த்ரோப் எடுத்துச் சொன்னதும் இவர்களிடம்தான். பின்னாளில் அது அமெரிக்கப் பெருமையின் முழக்கமாகிவிட்டது. அவர் சொன்னது எச்சரிக்கை: உலகத்தின் கண் நம்மேல் இருக்கிறது, தவறினால் ஊரெல்லாம் நம்மைப் பழிக்கும்.

குடியேற்றத்தில் ‘தூய்மை’ என்பது ஒரு நடைமுறையாகவே மாறியது, சபை உறுப்பினராவதில். இங்கிலாந்தில் ஊரில் பிறந்தவர் எல்லாரும் ஊர்ச்சபையின் உறுப்பினர். மாசசூசெட்ஸில் 1630-களின் நடுவிலிருந்து அப்படி இல்லை. சேர விரும்புகிறவரை முதலில் மூப்பர்கள் விசாரிப்பார்கள்: வேத அறிவு எப்படி, ஊரில் நடத்தை எப்படி என்று. பிறகு அவர் சபைக்கு முன்னால் தன் மனமாற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். தன் பாவத்தை உணர்ந்தது, தன் முயற்சியால் தப்ப முடியாது என்று மனம் உடைந்தது, கிருபையைப் பற்றிக்கொண்டது, அதன்பின்னும் ஐயத்தோடு போராடுவது என்று அந்தச் சாட்சிக்கு ஒரு போக்கு உண்டு. சந்தேகமே இல்லாமல் ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்று சொன்னவரைவிட, நடுங்கிக்கொண்டு நம்பியவரையே நம்பினார்கள். அளவுமீறிய நிச்சயம் போலி விசுவாசத்தின் அடையாளம். சாட்சி ஏற்கப்பட்டால், சேருகிறவர் சபை உடன்படிக்கையை ஏற்று உறுதி சொல்வார். ஆண்களுக்கு இதில் அரசியலும் கலந்திருந்தது: 1631 முதல் 1664 வரை, சபை உறுப்பினருக்கே குடியேற்றத் தேர்தலில் வாக்கு.

சிக்கலும் இங்கேதான் முளைத்தது. உறுப்பினரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. அந்தக் குழந்தை வளர்ந்து, ஒழுங்காக வாழ்ந்து, ஆனால் மேடையேறிச் சொல்லும்படியான மனமாற்றம் தனக்கு நேரவில்லை என்று உண்மையாகவே ஒதுங்கி நின்றால்? அவர் முழு உறுப்பினர் அல்ல. ஆகவே அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. முப்பது ஆண்டுகளில் கூடும் வீட்டின் பெஞ்சுகளில் இருந்த பலர் சபைக்கு வெளியே நின்றார்கள். 1662-இல் போதகர் மன்றம் ஒரு வழி கண்டது: இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தரலாம், ஆனால் பெற்றோருக்குத் திருவிருந்தும் வாக்கும் இல்லை. பின்னால் வந்தவர்கள் இதற்குப் ‘பாதிவழி உடன்படிக்கை’ என்று பெயரிட்டார்கள். தூய சபை வேண்டும், ஊர் முழுவதும் சபைக்குள்ளும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று இடித்ததன் விளைவு அது.

இந்த அமைப்பைச் சிலர் ‘மதகுருமார் ஆட்சி’ என்கிறார்கள். அதுவும் சரியல்ல. போதகர் அரசுப் பதவி வகிக்கவில்லை. சபை தரக்கூடிய அதிகபட்சத் தண்டனை விலக்கிவைப்பு. ஆனால் அரசின் கை கொடுமையாகவே இருந்தது. மனசாட்சியை அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ரோஜர் வில்லியம்ஸை 1635-இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். 1659-க்கும் 1661-க்கும் இடையில் குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நான்கு பேரைப் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மேரி டையர் ஒருவர். மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்று பாடநூல் சொல்வது பாதி உண்மை. தாங்கள் சரி என்று நம்பிய வழிபாட்டுக்கான சுதந்திரத்தைத் தேடினார்கள், பிறர் வழிபாட்டுக்கானதை அல்ல.

எழுத்திலும் இதே விதிதான்: அலங்காரம் அங்கியைப் போல, உண்மையை மறைக்கும். பிரசங்கத்துக்கு நிலையான உறுப்புகள் உண்டு. வேத வசனம், அதிலிருந்து எடுக்கும் உபதேசம், அதற்கான காரணங்கள், கடைசியில் கேட்பவரின் வாழ்க்கைக்கு அதன் ‘பயன்’. 1640-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான சங்கீதப் புத்தகம் (வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாக்கியது), ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சாகிய முதல் புத்தகம். பாட்டின் நயத்தைவிட எபிரேய மூலத்துக்கு உண்மையாக இருப்பதே முக்கியம் என்று அதன் முன்னுரை வாதிடுகிறது: தேவனுடைய பலிபீடத்துக்கு நம்முடைய மெருகு தேவையில்லை. உளி படாத கல்லால் பலிபீடம் கட்டச் சொல்லும் பழைய ஏற்பாட்டு யாத்திராகமக் கட்டளையை மனத்தில் வைத்துச் சொன்னது. வெள்ளை அங்கியை மறுத்த அதே மனம் இங்கே எதுகையையும் சந்தேகிக்கிறது.

அதனால் கவிதை இல்லாமல் போகவில்லை. ஆர்பெல்லாவில் வந்த ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் 1650-இல் லண்டனில் நூலாயின. 1666 ஜூலையில் வீடு எரிந்தபோது அவர் எழுதிய கவிதையில், கொடுத்தவரே எடுத்தார் என்று பணிகிறார். ஆனாலும் எரிந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்கே இருந்த பெட்டியையும் மேசையையும் தேடும் கண்ணை அவரால் திருப்ப முடியவில்லை. பியூரிட்டன் மனத்தை அறிய அந்த ஒரு கவிதை பல வரலாற்று நூல்களுக்கு ஈடு. மைக்கேல் விகிள்ஸ்வர்த் 1662-இல் எழுதிய நியாயத்தீர்ப்புக் கவிதையில், பிறந்தவுடன் இறந்த குழந்தைகளுக்கு நரகத்திலேயே கொஞ்சம் துன்பம் குறைந்த அறை ஒதுக்கப்படுகிறது. கொடூரம்தான். ஆனால் முன்குறித்தலை, அதாவது யார் மீட்படைவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பதை, ஒளிவுமறைவின்றி நம்பியவர் வேறெங்கும் போக முடியாது.

இந்தக் கலைச்சொற்களில் பலவற்றுக்குத் தமிழ் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. உடன்படிக்கை, கிருபை, முன்குறித்தல், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், மூப்பர், ஓய்வுநாள் எல்லாம் தமிழ் வேதாகமத்தில் உள்ளவை. புதிதாகச் செய்யத் தேவையில்லை. ‘வனாந்தரம்’ இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. இஸ்ரவேலர் அலைந்த பாலைக்கு நம் வேதாகமம் வைத்த சொல்லுக்குள் வனம் இருக்கிறது. மாசசூசெட்ஸும் பிளிமத்தும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் காட்டைப் பியூரிட்டன்கள் அந்த வனாந்தரமாகவே படித்தார்கள். அது வெற்றிடம் அல்ல என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பிளிமத் எழுந்த இடம் பட்டுக்செட் என்ற, வாம்பனோவாக் பூர்வகுடியினரின் ஊர்; சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் அது அழிந்திருந்தது.

இனி, பியூரிட்டனுக்கு எந்தத் தமிழ்? ‘தூய்மைவாதி’யில் இன்னொரு இடர்ப்பாடு உண்டு. மொழிக் கலப்பை எதிர்ப்பவரையும் நாம் அப்படியே சொல்கிறோம். ‘சுத்த’ என்று தொடங்கினால் வள்ளலாரின் சுத்த சன்மார்க்கம் நினைவுக்கு வரும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் முதல் இடத்தில் ‘பியூரிட்டன் என்ற திருச்சபைத் தூய்மையாளர்’ என்று எழுதிவிட்டு, பிறகு இரண்டில் ஒன்றைத் தொடரலாம். ‘அன்’ ஈறு தமிழில் ஆண்பாலாகக் கேட்கிறது. ஆகவே ‘பியூரிட்டன் ஒருவர்’, ‘பியூரிட்டன் பெண்கள்’, பன்மையில் ‘பியூரிட்டன்கள்’ என்று எழுதினால் தடுமாற்றம் இல்லை. அன்றாட ஆங்கிலத்தில், பிறர் மகிழ்ச்சியில் குறை காணும் குணத்துக்கு இதே சொல்லை அடைமொழியாக்குகிறார்களே, அங்கே தூய்மை வேண்டவே வேண்டாம். ‘ஒழுக்கக் கெடுபிடி’ என்றால் போதும்.

ஆங்கிலத்தில் ‘பில்கிரிம் ஃபாதர்ஸ்’ எனப்படும் பிளிமத்துக்காரர்களை ‘யாத்திரிகத் தந்தையர்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். புனிதத் தலங்களுக்கு யாத்திரை போவதையே மறுத்தவர்கள் அவர்கள். பிராட்ஃபோர்டு அந்தப் பெயரை எடுத்தது எபிரெயர் நிருபத்திலிருந்து. அங்கே தமிழ் வேதாகமத்தின் சொல் ‘அந்நியரும் பரதேசிகளும்’. தன் ஊர் இதுவல்ல என்று தெரிந்து கடந்துபோகிறவர் என்பதே பொருள். பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டு கிடந்த பியூரிட்டன் ஜான் பன்யன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’ கதையை எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று விருத்தங்களில் தந்தபோது, யாத்திரிகம் என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் தமிழில் ஏறிவிட்டது. அதை அறிந்த வாசகருக்கு ‘யாத்திரிகர்’ என்று எழுதலாம். மற்றவர்களுக்கு ஓர் அடைமொழி தேவை: பரதேச யாத்திரிகர்.